ஒரு சக்கரத்துக்கு ஒரு திங்கள்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், பூஞ்சேரிக்குச் சற்று முன்னால், சென்ற மார்கழியில் ஓர் இரவு, நின்றுபோன கார் ஒன்றின் அருகே இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். கார் என்னுடையதன்று. இயற்பியல் பட்டப்படிப்பில் இருந்தபோது என்னிடம் மொழிப்பாடமாகத் தமிழ் படித்த மாணவனுடையது. படிப்பு முடிந்து ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். இப்போது செங்கல்பட்டுக்கு வெளியே தகரக் கொட்டகை ஒன்றில் கார் பழுது பார்க்கிறான். அவனுடைய சொந்தக் கார் இருபது வயது தாண்டிய 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டி. அதன் வேகத்தைக் கூட்டுவதற்காக மூன்று ஆண்டுகளாக அதை மாற்றியமைத்துக்கொண்டே இருக்கிறான். "ஐயா, இந்தத் தடவை எல்லாம் முடிஞ்சிடுச்சு, ஒரு ரவுண்டு வாங்க" என்று அழைத்தான். இதே அழைப்பில் நான் ஏறுவது நான்காவது முறை.

ஐந்து ரதங்கள் இருக்கும் ஊருக்குச் சற்றுத் தொலைவில் இன்னொரு ஓடாத தேர் நின்றது. இந்தச் சிலேடையை அப்போதே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் கார் என்ஜினுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். நானும் அப்படிக் கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியலில் உறுமிக்கொண்டு போகும் கார்களைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பணம் மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்த மாணவனின் கொட்டகையில் பல மாலைகள் உட்கார்ந்திருந்த பிறகு அப்படித் தள்ள முடியவில்லை. அவன் செய்வதும் ஒரு கலைதான், அதற்கு நம் ஊரில் சட்டப்படியும் நடைமுறையிலும் நிற்க இடமில்லை, இடமில்லாத காரணத்தாலேயே அது மோசமாகச் செய்யப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மோசமாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவனே ஒப்புக்கொண்டதுதான்.

எல்லாரும் தொடங்கும் இடத்தில்தான் அவனும் தொடங்கினான். காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் ஒன்றைப் புதுப்பேட்டையில் வாங்கிப் பொருத்தினான். என்ஜின் காற்றை இழுக்கும் ஓசை பெரிதாகியது. ஓசை பெரிதானால் வேகமும் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. நடந்தது நேர்மாறு. பழைய பெட்டி, பானெட்டுக்கு முன்புறமிருந்து வெளிக்காற்றை இழுத்தது. புதிய கூம்போ என்ஜினின் வெப்பத்துக்கு நடுவே உட்கார்ந்து சூடான காற்றை இழுத்தது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. ஆகவே உயிர்வளியும் குறைவு. சித்திரை மாதத்துச் செங்கல்பட்டில் வண்டி முன்னைவிட மந்தமாகியது.

அடுத்து சைலன்சர். அதன்பின் லேத் பட்டறை. என்ஜினின் ஹெட்டை இறக்கி, அதன் அடிப்பரப்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்தார்கள். இதற்குப் பட்டறையில் 'பேசிங் போடுவது' என்று பெயர். நெளிந்த ஹெட்டைச் சமப்படுத்தச் செய்யும் வேலை இது. இவன் செய்ததன் நோக்கம் வேறு. பிஸ்டன் மேலேறி நிற்கும்போது எஞ்சியிருக்கும் சிறிய இடத்தை இன்னும் குறுக்கினால், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கூடுதலாக அழுத்தப்படும். அழுத்தம் கூடினால் அதே பெட்ரோலில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். ஒன்பதரைக்கு ஒன்று என்றிருந்த அழுத்த விகிதம் பத்தரைக்கு வந்துவிட்டதாக நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கில் பிழையில்லை. இயற்பியல் வீணாகவில்லை என்று நான் மகிழ்ந்ததும் உண்மை.

ஆனால் அழுத்தம் கூடிய கலவை தீப்பொறிக்குக் காத்திருப்பதில்லை. பிளக் பற்றவைத்த சுடர் மூலைக்குப் போய்ச் சேருமுன்பே அங்கே இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் 'நாக்கிங்'. மேட்டில் ஏறும்போது ஆணியால் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். நம் பங்குகளில் பல காலமாகக் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91. அந்த அழுத்தத்துக்கு அது போதவில்லை. ஆகவே தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினான். தட்டும் ஓசை நின்றது. சீவியதால் வந்த ஆற்றலும் அதோடு போனது. இத்துடன் இன்னொன்று. ஹெட் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால், கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலிக்கு இடைவெளி குறைந்து, வால்வுகள் திறந்து மூடும் நேரமும் சற்றே தவறிவிடும். அதையும் திருத்தியாக வேண்டும். அது அவனுக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது.

பிறகு கணினி. அக்காலக் கார்களிலேயே எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எப்போது பற்றவைப்பது என்பதை ஒரு சிறு பெட்டி தீர்மானிக்கிறது. அதற்குள் இருக்கும் எண்களின் அட்டவணையை 'மேப்' என்கிறார்கள். வெளிநாட்டில் எவனோ எழுதிய மேப் ஒன்றைப் பணம் கட்டி வாங்கி ஏற்றினான். வேறு குளிருக்கு, வேறு பெட்ரோலுக்கு எழுதப்பட்ட அட்டவணை அது. இதற்கிடையே நம் பெட்ரோலும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலப்பு என்ற இலக்கை 2025-இல் எட்டியதாக அரசு அறிவித்தது. எத்தனால் கலந்தால் நாக்கிங் குறையும், இது நல்ல செய்தி. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும். மேப் எழுதியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

இப்படி மூன்று ஆண்டுகள். செலவழிந்த தொகையைச் சொல்ல அவன் என்னை அனுமதிக்கவில்லை. அவன் மனைவி வேறொரு நாளில் சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

புறநானூற்றின் 87ஆம் பாடலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதியமானின் பகைவரைப் பார்த்து ஔவையார், களம் புகாதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான் என்கிறார். அவன் எப்படிப்பட்டவன் என்றால், ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கும் தச்சன் ஒரு மாதம் முழுக்க உழைத்துச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரம் போன்றவன். பல ஆண்டுகளாக நான் இதை உவமை நயம், வீர உணர்வு என்று சொல்லிக் கடந்துகொண்டிருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்தபின் வேறு கேள்விகள் எழுந்தன. அந்தத் தச்சன் ஒரு மாதம் என்னதான் செய்திருப்பான்? செதுக்குவது ஓரிரு நாள் வேலை. மீதி நாட்களில் பொருத்தி, ஓட்டி, கழற்றி, மறுபடி இழைத்து, மறுபடி பொருத்தியிருக்க வேண்டும். திறமை இல்லாதவன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை. எட்டுத் தேர் செய்யக்கூடியவன் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறான் என்பதில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது.

இன்னொரு சான்று எங்கள் மாவட்டத்துக்கே உரியது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே இதே கடற்கரையில் இருக்கிறது. நல்லியக்கோடன் பாணனுக்குக் கொடுக்கும் தேரைச் சொல்லும்போது, கைவினைஞர் வேலையை முடித்தார்கள் என்பதோடு புலவர் நிறுத்தவில்லை. ஓட்டிப் பார்த்துப் பெயர் பெற்ற தேர் என்கிறார். ஓட்டிப் பார்த்தல் என்பதும் செய்வினையின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலியை மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்கிறாரே வள்ளுவர், அதை அரசியலுக்கு உவமையாக மட்டும் படிக்கிறோம். தாங்கும் அளவு என்ன என்பதை அறிந்த ஒரு வண்டிக்காரனின் அறிவு அதில் இருக்கிறது. உவமையின் பொருளை எடுத்துக்கொண்டு உவமானத்தைத் தூக்கி எறிவது தமிழாசிரியர்களாகிய எங்கள் பழக்கம்.

சரி, என் மாணவன் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

அவன் கொட்டகையைச் சுற்றி இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மறைமலை நகரில் ஃபோர்டு 1999-இல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-இல் அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அதே ஆலையில் என்ஜின்களைச் செய்வதற்கு 2025-இல் தமிழக அரசோடு புதிய ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை இயங்கத் தொடங்கியது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மகிந்திராவின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாகனங்களைச் சோதித்துச் சான்று வழங்கும் மைய அரசின் நிறுவனமும் ஒரகடத்தில் இருக்கிறது. என்ஜினைக் கட்டி வைத்து அதன் இழுவிசையை வேகம் வேகமாக அளக்கும் டைனமோமீட்டர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கும் அளவுக்கு நாட்டில் வேறு எங்கும் இருக்குமா என்பது ஐயம். அவற்றிலிருந்து அரைமணிப் பயணத் தொலைவில், இவன் தன் காதையும் இருக்கையில் அழுந்தும் முதுகையும் கொண்டு என்ஜினை அளந்துகொண்டிருக்கிறான். ஒன்பது ஆண்டுகள் தொழிற்சாலைக்குள் இருந்தவனுக்கு அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டது ஒரே ஒரு இயந்திரத்தின் ஒரே ஒரு பொத்தான். அறிவு ஆலைக்குள்ளேயே இருக்க, மனிதர்கள் மட்டும் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறார்கள்.

சட்டம் இதைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த வாகனத்தையும் மாற்றியமைக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எரிவாயுக் கலன் பொருத்துவது, மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது போன்றவற்றுக்கு வழி உண்டு. நல்ல பிரேக் போட்டு, என்ஜினைச் செம்மையாகத் திருத்தி, புகையும் ஓசையும் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவன் அலுவலகத்தில் போய் நின்றால், அவனிடம் கொடுப்பதற்குப் படிவம் இல்லை. ஊரை எழுப்பும் சைலன்சரை மாட்டியவனும் இவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. அப்படியானால் ஒருவன் ஏன் செம்மையாகச் செய்ய வேண்டும்? மறைத்துச் செய்யும் வேலைக்கு ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது, தவறைச் சொல்லித் திருத்த ஆசான் கிடையாது. லேத் பட்டறைக்காரர் பெயரைக்கூட என் மாணவன் தணிந்த குரலில்தான் சொல்கிறான்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். விதிகளில் அவர்களைவிடக் கண்டிப்பானவர்கள் குறைவு. அங்கே காரில் செய்த மாற்றத்தை அங்கீகாரம் பெற்ற சோதனையாளரிடம் காட்டி, அவர் ஏற்றுக்கொண்டால் வண்டியின் ஆவணத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஏற்காவிட்டால் கழற்ற வேண்டியதுதான். மாற்றியவன் திருடனைப்போல் ஒளிய வேண்டியதில்லை. சோதனையாளரின் கேள்விகளுக்குப் பயந்தே அவன் வேலையை ஒழுங்காகச் செய்வான்.

நம்மிடம் மரபே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் பந்தயக் கழகம் நடத்திய பந்தயங்களைப் பற்றி வடசென்னையில் வயதானவர்களைக் கேட்டால் கண்கள் விரியச் சொல்வார்கள். ஃபியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் கையால் இழைத்து இழைத்து ஓட்டிய காலம் அது. உதிரிபாகங்களுக்கு இறக்குமதி உரிமம் வேண்டிய நாட்களில் வேறு என்ன செய்திருக்க முடியும்? கோவையின் கரிவரதன் மாருதி 800-இன் சின்னஞ்சிறு மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்துப் பந்தயக் கார்களையே உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அந்த ஃபார்முலா மாருதி வண்டிகளில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அங்கே போக உரிமம், பந்தயத்துக்கேற்ற பாதுகாப்புக் கூண்டு, தலைக்கவசம், கட்டணம் எல்லாம் வேண்டும். கொட்டகைக்காரனுக்கு அது எட்டாக் கனி. 2024 ஆகஸ்டு இறுதியில் அரசே முன்னின்று தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுக் கார்ப் பந்தயம் நடத்தியது. நான் அதற்கு எதிரானவன் அல்லன். இரண்டு இரவுகளுக்குச் சாலையை மூடித்தர முடிந்த அரசுக்கு, மாதம் ஒரு ஞாயிறு ஒரு பழைய ஓடுதளத்தையும் வாடகைக்கு ஒரு டைனமோமீட்டரையும் தர முடியாதா என்று மட்டும் கேட்கிறேன்.

என்னை மறுப்பவர்கள் சொல்லப்போவது தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியலில் வலை சுமந்து கடக்கும் மீனவப் பெண்களை, சைக்கிளில் போகும் பிள்ளைகளை நினைத்துப் பார் என்பார்கள். நினைக்கிறேன். எங்கள் கல்லூரியிலேயே அந்தச் சாலையில் உயிரிழந்த மாணவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தியிருக்கிறோம், ஒருமுறைக்கு மேல். ஆனால் அவர்களில் யாரும் மாற்றியமைத்த வண்டியில் போனவர்கள் அல்லர். ஆலையிலிருந்து அப்படியே வந்த வண்டிகள் அவை, அவற்றின் வேகமே கொல்வதற்குப் போதுமானது. சாலையில் வேகம் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வேகத்தை அளந்து பார்க்க வேறோர் இடம் இருந்தால் சாலை சற்றேனும் தப்பும் என்பதுதான் என் வாதம்.

ஓசையைப் பொறுத்தவரை நான் முழுக்க எதிர்ப்பாளர்கள் பக்கம். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் அஞ்சிவிடும் என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைந்து வீடு சேர வேண்டியவன்தான் அவனும். இதை மாணவனிடம் சொன்னபோது பழைய சைலன்சரைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டினான். பாட்டுக்காக மாட்டினானா, என்ஜினுக்கு அதுவே பொருத்தமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்த மார்கழி இரவில் காரைக் கயிறு கட்டி டாடா ஏஸ் ஒன்றில் இழுத்துவந்தோம். அதற்குமுன் அவன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். பிளக் சரி. பெட்ரோல் பம்பு சரி. மேப்பைப் பழையதற்கே மாற்றியும் வண்டி எழவில்லை. மூன்று ஆண்டுகளில் மாற்றிய அத்தனையும் தவறு என்று சாலையோரத்தில் உட்கார்ந்து சொன்னான், குரல் கம்மியது. நான் தெர்மாஸில் இருந்த தேநீரைக் கொடுத்தேன். வேறொன்றும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் காரணம் கிடைத்தது. என்ஜினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனை உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்தது. மேலே பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பச்சைப் பொடி. சென்சார்கள் அனுப்பும் சிறு மின்னழுத்தங்கள் எல்லாம் அந்த ஒயரை நம்பி இருப்பவை. கணினி பொய்யான எண்களைப் படித்து, சூடான என்ஜினைக் குளிர்ந்த என்ஜின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது. அவன் செய்த மாற்றங்களில் எதற்கும் இதில் பங்கில்லை. கடற்கரையோரம் நிறுத்தப்படும் எந்த வண்டிக்கும் வரக்கூடிய கேடு. புதிய ஒயரின் விலை அன்று நாங்கள் குடித்த தேநீர், வடைக்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல்.

வண்டி இப்போது ஓடுகிறது. ஹெட்டை மறுபடி இறக்கப்போகிறானாம். சீவிய அந்த ஒரு மில்லிமீட்டரைத் தடித்த கேஸ்கெட் வைத்து ஈடுகட்டலாமா என்று யோசிக்கிறான். கோவையிலிருந்து கேஸ்கெட் வர வேண்டும். வந்ததும் ஒரு ரவுண்டு வாங்க ஐயா என்றான். வருகிறேன் என்றேன்.